சிலையின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது?

கலை ரசனை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தை அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டேன். பெயர்ப்பலகையைப் படிப்பதும் அடுத்த சிலைக்கு நகர்வதுமாகப் பொழுது போயிற்று. எல்லாம் ஒன்றுபோலவே தோன்றின. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கரூர்)

பதில்: ஒன்றுபோலத் தோன்றியதில் வியப்பில்லை. நம் ஸ்தபதிகள் பொதுவான ஓர் அளவு இலக்கணத்துக்குள் நின்று வேலை செய்தவர்கள். தாலமானம் எனப்படும் அந்த இலக்கணப்படி, சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது உயரம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. இந்தப் பங்கு அடிக்கோலில் உள்ள அங்குலம் அன்று. செய்யப்போகும் திருமேனியின் உயரத்தையே பகுத்துப் பெறுவது. திருமேனி வார்ப்புக்குப் பேர்பெற்ற சுவாமிமலையில் அந்த உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வது வழக்கம். ஆகவே சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் முகத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. இலக்கணம் எல்லோருக்கும் பொது என்பதால், ஒரு சிற்பியின் தனித்திறனை அது பேசாமல் விட்ட இடங்களில்தான் தேட வேண்டும்.

முதலில், உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். இரு கால்களிலும் சமமாக இறங்கி உடல் நேராக நின்றால் அது சமபங்கம். பாரம் ஒரு காலுக்கு மாறி, இடுப்பு சற்றே ஒதுங்கினால் ஆபங்கம். தலை, மார்பு, இடுப்பு மூன்றும் மூன்று திசைகளில் சாய்ந்தால் திரிபங்கம். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு உயரும்போது அந்தப் பக்கத்துத் தோள் தாழ வேண்டும்; இல்லையென்றால் உருவம் கீழே விழப்போவதுபோல் இருக்கும். நல்ல சிற்பியின் தேவி இந்தச் சாய்வுகளுக்கு நடுவிலும் அலுங்காமல் நிற்பாள். சந்தேகமிருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் நீங்களே அப்படி நின்று பார்க்கலாம். எந்தத் தசை இழுபடுகிறது என்பது உடனே விளங்கிவிடும்.

அடுத்து, முடிந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். விழாக்காலத்தில் பட்டும் பூமாலையும் மூடியபின் உற்சவ மூர்த்தியில் பக்தருக்குத் தெரிவது பெரும்பாலும் முகம் மட்டுமே. அப்படியிருந்தும் முதுகின் பள்ளத்தையும், பின்னந்தலையிலிருந்து தோளில் இறங்கும் சடைப்புரிகளையும் சோழர் காலச் சிற்பி மெழுகிலேயே முழுமையாக உருவாக்கியிருக்கிறார். அந்த மெழுகுருவின் மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்து, வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். அச்சு ஒருமுறைக்கு மேல் பயன்படாததால் ஒன்றைப்போல் இன்னொன்று அமைய வழியே இல்லை.

அந்தக் கூடத்திலேயே திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராசர் இருக்கிறார். திருவாசி எனப்படும் சுடர் வளையம் இல்லாமல் நிற்பதால் உடலைத் தடையின்றிப் பார்க்கலாம். மடங்கிய வலக்காலின் ஒரு பாதத்தில் முழுப் பாரமும் இறங்க, இடக்கால் குறுக்கே வீசி எழ, கைகள் நான்கு பக்கமும் விரிய, முகம் மட்டும் அசைவற்றிருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இந்தத் திருமேனியின் புகைப்படங்களை மட்டும் பார்த்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். நேரில் பார்க்கும் வாய்ப்புள்ள நாம் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். அடுத்த முறை மூன்று திருமேனிகளை மட்டும் பாருங்கள். அவற்றில் ஒன்று சோழருக்குப் பிந்திய விஜயநகர, நாயக்கர் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். மூக்கு கூர்மையாவதும், உடலோடு ஒட்டிக் கிடந்த அணிகலன் தனியே எடுத்து வைத்ததுபோல் எழும்புவதும், நிற்கும் நிலை விறைப்பதும் தெரிய வரும்.

கேள்வி: கண்காட்சி விமர்சனங்களில் கோடு, வெளி, தொனி, கட்டமைப்பு, லயம் என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. இவற்றை எளிதாக விளக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரே படைப்பில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். பகீரதன் தவம் என்று கொள்வோரும் உண்டு. நம் கேள்விக்கு அந்த வழக்கு தீர வேண்டியதில்லை.

ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறைப்பரப்பின் நடுவில் மேலிருந்து கீழாக இயற்கையான பிளவு ஒன்று ஓடுகிறது. குறை என்று சொல்லத்தக்க அந்தப் பிளவைச் சிற்பி நதியாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார். சுற்றிலும் உருவங்கள் நெருக்கியடிக்க, நடுவில் விடப்பட்ட அந்தப் பள்ளமே வெளி. செதுக்காமல், வரையாமல் விட்ட இடமும் படைப்பின் பகுதிதான் என்பதே அந்தச் சொல்லின் பொருள். இருபுறமும் தேவரும் கந்தர்வரும் வேடரும் விலங்குகளும் பெரும்பாலும் அந்த நதியை நோக்கியே வருகிறார்கள். நம் கண்ணும் அங்கேயே போய்ச் சேர்கிறது. பார்வையை இப்படி வழிநடத்தும் ஏற்பாட்டுக்குக் கட்டமைப்பு என்று பெயர். ஓவியர்கள் பேச்சில் காம்போசிஷன் என்பார்கள். பிளவின் இடப்புறம் தவசியும் சிவனும் சிறு கோயிலுமாக உருவங்கள் பல. வலப்புறம் கீழே பெரிய யானைகள். எண்ணிக்கையை எடையால் ஈடுசெய்திருக்கும் இந்த ஏற்பாடே சமநிலை.

கோட்டுக்கு, யானையின் நெற்றியிலிருந்து முதுகு வழியாக இறங்கும் புறக்கோட்டைப் பாருங்கள். எங்கும் முறியாமல் ஒரே ஓட்டமாக வருகிறது. பிறகு ஒற்றைக்காலில் நின்று கைகளை மேலே தூக்கியிருக்கும் தவசியின் விலாவைப் பாருங்கள். அங்கே சிறு சிறு வரிகள். எலும்பு தெரியும் உடல். முதலாவது கோடு கனத்தையும் நிதானத்தையும் சொல்கிறது, இரண்டாவது பட்டினியைச் சொல்கிறது. யானையின் அருகே ஒரு பூனையும் அதே தவசியைப்போல் கைகளை உயர்த்தி நிற்க, எலிகள் அதைச் சுற்றி விளையாடுகின்றன. ஒரு வடிவம் வேறோர் இடத்தில், வேறு அளவில் திரும்ப வருவது லயம். இங்கே அது கேலியாகவும் ஆகிவிடுகிறது. சிறு கோயிலின் அருகே பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானுக்கு எந்த இலக்கணச் சொல்லும் வேண்டாம். ஒரு மானை நெடுநேரம் கவனித்த கண் அங்கே தெரிகிறது.

தொனி என்பது ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட படிநிலை. அந்தப் பாறை கிழக்கு நோக்கியது. அதிகாலை வெயில் நேரே விழும்போது தட்டையாகத் தெரியும் உருவங்கள், சூரியன் ஏறி வெளிச்சம் மேலிருந்து சரியத் தொடங்கியதும் நிழல் பெற்று எழும்பும். சிற்பத்தில் தொனியை வெயில் தருகிறது. ஓவியத்தில் ஓவியரே அதைத் தீட்டியாக வேண்டும். ரவி வர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் பட்டுச் சேலை மடிப்பைப் பார்த்தால் ஒரே சிவப்பு எத்தனை படிகளில் கறுத்துப்போகிறது என்பது விளங்கும். நிறத்தையும் தொனியையும் குழப்பிக்கொண்டால், ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். எஞ்சியிருப்பது தொனி.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் கலையா, கைவினையா?
(இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

பதில்: பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் மேடு எழுப்பி, தங்கத்தாளும் கண்ணாடிக் கற்களும் பதிக்கும் அந்த வேலையில் கைவினை இல்லாமல் கலை இல்லை. இந்தப் பிரிவினை நம் மரபில் வேரூன்றியதும் அன்று. அலங்காரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முகத்தையும் கைவிரல்களையும் மட்டும் பாருங்கள். அவை உயிரோடு இருந்தால் ஓவியம் தேறிவிட்டது.

கேள்வி: நம் பழைய சுவரோவியங்களில் தூரமும் ஆழமும் தெரிவதில்லையே, அக்காலத்து ஓவியர்களுக்கு அது கைவரவில்லையா?
(ஓவிய ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: பின்வாங்கும் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் சென்று கூடும்படி வரையும் பெர்ஸ்பெக்டிவ் முறை 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வழியாக நிலைபெற்றது. அது ஓர் இடத்தில் அசையாமல் நின்று, ஒரு கணத்தில், ஒற்றைக் கண்ணால் பார்ப்பவரின் காட்சி. மிலான் நகரில் லியோனார்டோ தீட்டிய இறுதி இராவுணவில் சுவர், கூரைக் கோடுகள் அனைத்தும் இயேசுவின் தலையருகே கூடுவதால், எங்கே தொடங்கினாலும் நம் கண் அங்கேயே வந்து நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியருக்கு வேண்டியிருந்தது வேறு. கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் மறைந்திருந்து 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில் சுந்தரர் கதை ஒரே சுவரில் இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்குள் கிழவராக வந்து இறைவன் தடுப்பதும், அவையில் ஓலையைக் காட்டி வழக்காடுவதும், திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலும், இறுதியில் சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குச் செல்வதும் இடையே சட்டம் எதுவுமின்றி ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்கின்றன. சுந்தரர் ஒரே சுவரில் பலமுறை வருகிறார். ஒரு புள்ளியில் கோடுகளைக் கூட்டியிருந்தால் ஒரு கணம் கிடைத்திருக்கும், ஒரு வாழ்நாள் கிடைத்திருக்காது. முக்கியமானவர் பெரிதாகவும் மேலேயும் இருப்பதும் தூரக் கணக்கு தெரியாததால் நேர்ந்ததன்று. அளவு இங்கே மதிப்பைக் குறிக்கிறது. அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்களை அனுமதிப்பதில்லை. வகுப்பில் காட்ட அச்சிட்ட படங்களே கைகொடுக்கும்.

கேள்வி: சித்தன்னவாசல் ஓவியங்களை ஃப்ரெஸ்கோ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
(வாசகர், புதுக்கோட்டை)

பதில்: சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுவது ஃப்ரெஸ்கோ. சாந்து காய்கையில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகி, நிறத்துகளைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். காய்ந்த சுவரில் தீட்டினால் அது செக்கோ. தஞ்சை ஓவியங்களை முதல் வகையிலும், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சித்தன்னவாசலை இரண்டாம் வகையிலும் சேர்ப்பதே ஆய்வாளரிடையே பெருவழக்கு. சுண்ணாம்பின் காரத்தைப் பெரும்பாலான தாவரச் சாயங்கள் தாங்குவதில்லை; அதனால்தான் காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் பச்சை மண்ணும் விளக்குக் கரியும் இந்தச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சித்தன்னவாசலில் கூரையை அண்ணாந்து பாருங்கள்: தாமரைக் குளத்தில் மீன்களும் யானைகளும் எருமைகளும் பூப்பறிப்பவர்களும். தாமரை இலைகளின் வரைவு என் கணிப்பில் தமிழ்நாட்டுச் சுவரோவியங்களிலேயே முதல் தரமானது.

கேள்வி: அரூப ஓவியங்களைப் பார்த்தால் "இதை என் பேரனே போட்டுவிடுவான்" என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வணிகர், ஈரோடு)

பதில்: பேரன் போட்டால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் "இது என்ன?" என்ற கேள்வியை அரூப ஓவியத்தின்முன் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துப்போல் தோன்றி வாசிக்க முடியாமல் நழுவும் வரிகளையும் பரப்பினார். வாசிக்க முயலும் பழக்கத்தை விட்டுவிட்டால், முன்பு சொன்ன கோடும் வெளியும் லயமும் அங்கே துலக்கமாகத் தெரியும். அவர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அந்தத் தலைமுறையின் படைப்புகள் காட்சிக்கு உள்ளன. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. எந்த இடத்தில், எந்த நிறத்தில் பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் அது விமர்சனமாகிவிடும்.

கேள்வி: பெயர்ப்பலகையை எப்போது படிப்பது?
(வாசகி, மதுரை)

பதில்: இரண்டு நிமிடம் படைப்பைப் பார்த்தபிறகு. தலைப்பைவிட ஊடகம் என்ற வரி பயனுள்ளது: எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா, துணியா, காகிதமா, வார்ப்பா என்று அது சொல்லிவிடும். அளவு வரியில் வழக்கமாக முதலில் உயரமும் அடுத்து அகலமும் வரும். சிற்பமானால் மூன்றாவது எண் ஆழம், அதாவது முன்னிருந்து பின்வரையுள்ள அளவு.