காசோலையில் வங்கியின் பெயர், கையில் மைத்துனருக்குக் கொடுத்த வாக்கு

கேள்வி: சமையலறையில் பிடித்த தீ கூரைவரை போய்விட்டது. காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் காசோலையில் என் பெயரோடு வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கிறது. வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் விடுவிப்போம் என்று வங்கியில் சொல்கிறார்கள். பிரீமியம் கட்டியது நான்தானே? இந்தப் பணத்தில் 3 லட்சம் தருவதாக மைத்துனருக்குச் சொல்லிவிட்டேன். அவர் நெருக்குகிறார். 16 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம்.

பாலிசியில் வங்கியின் பெயரைச் சேர்க்க, கடன் பத்திரத்தில் நீங்களே கையெழுத்திட்டிருப்பீர்கள். அவர்களுக்கு ஈடு அந்த வீடுதான். பணம் கூரையாகிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்த பிறகே அடுத்த தவணையை விடுவார்கள். அதில் சண்டை பிடித்துப் பயனில்லை.

உங்கள் சிக்கல் வங்கி அல்ல. வராத பணத்தைப் பங்கு போடுவது. முதல் தவணை 4 லட்சம் என்று வையுங்கள். அதில் 3 லட்சம் தனிநபர் கடனை அடைக்கப் போனால், மிஞ்சும் 1 லட்சத்தில் கூரை ஏறாது. கூரை ஏறாவிட்டால் ஆய்வுக்கு வருபவர் கையெழுத்திட மாட்டார். மீதி 8 லட்சம் வங்கியிலேயே கிடக்கும். அடைக்காமல் விட்டால் வட்டி மட்டும் மாதம் சுமார் 4,000. இடையில் வீட்டுக்கடன் தவணையும் நிற்காது, வீடு எரிந்திருந்தாலும். வாடகை வீட்டில் இருந்தால் அது தனிச் செலவு.

காப்பீட்டு நிறுவனம் தந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கட்டடத்துக்கு இவ்வளவு, வீட்டுப் பொருள்களுக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கிறதா? பொருள்களுக்கான தொகையில் பெரும்பாலும் வங்கிக்கு வேலையில்லை. இரண்டையும் ஒரே காசோலையில் போட்டிருந்தால், பொருள்களுக்கானதை உங்கள் பெயரில் மட்டும் தரும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. அதுவும் மைத்துனருக்கு அல்ல, கருகிப்போன கட்டிலையும் பாத்திரங்களையும் மறுபடி வாங்க.

வங்கியில் இழப்பீட்டைக் கவனிக்கும் பிரிவைக் கேட்டு நேரே அங்கே போங்கள். ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு, சேதத்தின் புகைப்படங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை தவணை, எந்தக் கட்டத்தில் ஆய்வு, வைத்திருக்கும் பணத்துக்கு வட்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே யாராவது 'கடன் பாதுகாப்பு' பாலிசியை நீட்டினால் மடித்து வைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைப்பது. தீயில் போன கூரைக்கு ஒரு காசு தராது.

மைத்துனரிடம் பணம் வங்கியின் பிடியில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. பழியை வங்கி ஏற்றுக்கொள்ளட்டும், அதற்குப் பழகியவர்கள்தான்.