‘வலிக்காது’ என்று சொல்லாதீர்கள், சிஸ்டர்

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ட்ரேயோடு உள்ளே நுழைந்தாலே பிள்ளைகள் அலறுகிறார்கள். மருந்து ஏற்றக் கையில் லைன் போட நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. டைப் 1 சர்க்கரை நோய்க்காக வரும் 15 வயதுப் பையனோ வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் அவன் அம்மாதான் பதில் சொல்கிறார். இவர்களிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்: முதலில் ‘வலிக்காது’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பயிற்சிக் காலத்தில் நானும் அதைச் சொன்னவன்தான். ஆறு வயதுப் பாப்பா ஒருத்தி நம்பிக் கையை நீட்டினாள். ஊசி இறங்கியதும் அவள் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை ஸ்டெதஸ்கோப் வைக்கக்கூட விடவில்லை.

“சுருக்குனு இருக்கும். அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாம வச்சுக்கோ.” இவ்வளவு போதும். அதற்காகக் குத்தும் நேரத்தில் “இதோ வலிக்கப் போகுது” என்று அறிவிக்கவும் வேண்டாம். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, “இதோ போடுறேன்” என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லச் சொல்கிறது. பொய்த் தேறுதலையும் வேண்டாம் என்கிறது. சின்னக் குழந்தையைப் பெற்றோர் பிடித்துக்கொள்ளட்டும், பெரிய பிள்ளை நிமிர்ந்து உட்காரட்டும் என்பதும் அதில் உண்டு. லைன் போடும்போதும் முடிந்தவரை இப்படிச் செய்யலாம். மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் சூழ்ந்து நின்றால் பெரியவர்களுக்கே உதறும். அம்மா மடியில், நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்திருக்க, கை மட்டும் உங்கள் பக்கம் நீளட்டும்.

லைன் போட்ட பிறகும் சில பிள்ளைகள் கையைக் கட்டைபோல விறைப்பாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊசி உள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொன்னால்தானே தெரியும்? பஞ்சுபோன்ற பிளாஸ்டிக் குழாய்தான் உள்ளே இருக்கிறது, ஊசியை எடுத்தாச்சு என்று சொல்லுங்கள். லைன் போடும் வென்ஃப்ளான் புதியது ஒன்றில் ஊசியைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயை மட்டும் தொட்டு வளைத்துப் பார்க்கக் கொடுங்கள். விரல்கள் தானாக அசைய ஆரம்பிக்கும்.

இன்னொன்று. “ஊசி போடலாமா கண்ணு?” என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடப் போகிறோமா? “இந்தக் கையா, அந்தக் கையா?” என்று கேளுங்கள், இரண்டு கையிலும் நரம்பு கிடைக்கும் என்றால் மட்டும். “சேட்டை பண்ணினா நர்ஸக்கா ஊசி போட்டுடுவாங்க” என்று மிரட்டும் அம்மாக்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். நாளுக்கு ஒருமுறையாவது ட்ரே இல்லாமல் வார்டைச் சுற்றி வாருங்கள்.

சரி, அந்த 15 வயதுத் தம்பி. அவன் அம்மாவிடம், “இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் பத்து நிமிஷம் தனியாப் பேசுறது எங்க வழக்கம்மா” என்று சொல்லி வெளியே உட்கார வையுங்கள். எல்லாருக்கும் வழக்கம் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவனிடம் “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். 18 வயதுக்குள் இருப்பவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா சொல்ல வேண்டி வரும். மத்தது நமக்குள்ள” என்று பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றுங்கள். “இன்சுலின் ஊசி ஒழுங்காப் போடுறியா?” என்றால் “ம்” என்று முடித்துவிடுவான். “ஸ்கூல்ல பசங்க பார்ப்பாங்கன்னு மத்தியான ஊசியை விட்டுடுறவங்க நிறைய பேர். போன வாரம் உனக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது.

அவன் சர்க்கரை அளவை எழுதிவரும் நோட்டையும் பாருங்கள். 110, 120, 130 என்று எல்லாம் பூஜ்ஜியத்திலேயே முடிந்து, ஒரு மாதக் கணக்கும் ஒரே பேனாவில் இருந்தால், ஓபி வாசலில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம். போன தடவை 320 என்று உண்மையை எழுதி வந்தபோது யாரிடம் திட்டு வாங்கினான் என்று கேளுங்கள்.