ஆனி மழையில் அந்தமான்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். ஊர் திருப்பூர். எங்களுக்குக் கல்யாணம் ஆனது ஒரு ஆனி மாதம். 12 வருஷம் ஆகிறதே என்று பையனை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஜூன் கடைசியில் நானும் மனைவியும் அந்தமான் போனோம். ஐந்து இரவு, மூன்று தீவு, பாதி விலை என்றார் ஏஜெண்ட். மழையைப் பற்றிக் கேட்டதற்கு, “லேசா தூறும் சார், ஜாலியா இருக்கும்” என்றார். ஹேவ்லாக் தீவில் இறங்கியதிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. ராதாநகர் கடற்கரைக்கு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் சிவப்புக் கொடி, சூரியனே கண்ணில் படவில்லை. ஸ்கூபா ரத்து. நீல் தீவுக்குப் படகு ரத்து. கடைசியில் போர்ட் பிளேர் திரும்பவும் படகு இல்லாமல் விமானத்தைக் கோட்டைவிட்டோம். பாதி நேரம் நான் ஃபோனில் ஏஜெண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வராண்டாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் தீவுக்கு ஆள் கூட்டிப்போவது ஏமாற்று வேலை இல்லையா? இன்னொன்று, அடுத்த வருஷமும் மழையிலேயே போகலாம் என்கிறாள் இவள். கிண்டலா நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்பதைவிட வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை வைத்தே ஓரளவு பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. அதற்கு முன் மழை.

திருப்பூர்க்காரருக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனி, ஆடியில் உங்கள் ஊரில் காற்றுதான் அடிக்கும். மேற்குத்தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறைத்துக்கொள்வதால் நமக்கு ஜூன் மாதம் மழை மாதமாகவே மனதில் பதிவதில்லை. அந்தமானுக்கு அப்படி மறைக்க எந்த மலையும் இல்லை. கேரளாவை ஜூன் 1 வாக்கில் தொடும் அதே பருவமழை, மே மூன்றாம் வாரத்திலேயே நிக்கோபார் பக்கம் வந்துவிடுகிறது. செப்டம்பர் வரை அது. அது விலகி முடிப்பதற்குள் நம்முடைய வடகிழக்குப் பருவம் ஆரம்பித்து டிசம்பர் வரை அங்கேயும் பெய்யும். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1400 மில்லிமீட்டர், போர்ட் பிளேரில் அதைப் போல இரண்டு மடங்கு. நல்ல வெயில் வேண்டுமென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் நவம்பரை மட்டும் தவிர்த்துவிட்டு ஜூனில் டிக்கெட் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஊர் நாள்காட்டியைத் தீவுக்கும் சேர்த்து எடுத்துப் போய்விடுகிறோம்.

இனி ராதாநகர். அது தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. 2004ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னாலும் சொன்னது, அன்றிலிருந்து அங்கே அஸ்தமனம் பார்க்காதவன் ஹேவ்லாக்கே போகாதவன் என்று ஆகிவிட்டது. ஆனால் ஜூனில் காற்றும் அலையும் நேராக வந்து மோதுவது அந்த மேற்குக் கரையில்தான். சிவப்புக் கொடி சும்மா ஏற்றுவதல்ல. (கொடியைப் பார்த்த பிறகும் முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுக்கும் நம் ஆட்கள் கவனிக்க: 2010ல் அந்தத் தீவில் கடலில் இறங்கிய ஒரு பயணி முதலைக்குப் பலியானார். கலங்கிய தண்ணீரில் அலையும் தெரியாது, முதலையும் தெரியாது.)

நீங்கள் தங்கியிருந்தது பெரும்பாலும் கிழக்குக் கரையாகத்தான் இருக்கும். கோவிந்தநகர், விஜயநகர், அங்கிருந்து காலாபத்தர் வரை, ஹேவ்லாக்கின் விடுதிகளில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். தென்மேற்குக் காற்றுக்கு நடுவில் தீவே குறுக்கே நிற்பதால் அந்தக் கடல் ஜூனிலும் அடங்கித்தான் இருக்கும். கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறைத்தட்டும் பவளமும் வெளியே தெரியும். மேகம் இறங்கி வந்தால் கடலின் நிறம் கால் மணிக்கு ஒருமுறை மாறும், சாம்பல், பிறகு பச்சை, திடீரென்று ஒரு கீற்று வெயில் விழுந்தால் கண்ணாடிப் பச்சை. அதாவது, நீங்கள் வாடகை வண்டி பிடித்துத் தீவைக் குறுக்காகக் கடந்து போய்ப் பார்க்க முயன்றது அந்த மாதத்துக்குப் பொருந்தாத கடலை. உங்கள் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தது பொருந்திய கடலை. அவர் கிண்டல் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அந்தப் பயணம் கெட்டுப்போகவே இல்லை.

கெட்டது திட்டம். ஐந்து இரவுக்குள் மூன்று தீவு என்பது ஜனவரிக்குப் போட்ட கணக்கு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் 40 கிலோமீட்டர் சொச்சம், வேகப்படகில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து நீல், அங்கிருந்து திரும்பவும் போர்ட் பிளேர் என்று எல்லாம் ஒன்றை ஒன்று நம்பி நிற்கும். கடல் கொந்தளித்தால் துறைமுகத்தார் படகை விட மாட்டார்கள். ஒரு படகு நின்றால் சீட்டுக்கட்டு வீடு மாதிரி அத்தனையும் சரியும். இதில் தீவுக்காரர்கள் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் நோயாளிகளும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தக் கடல் வழியேதான். அரசுப் படகில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை கொடுப்பது அதனால்தான். படகுத்துறையில் வரிசையில் நின்று நம்மவர்கள் அதற்கும் கோபப்படுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

பெயர் பற்றி ஒரு வரி. 2018ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆயிற்று, நீல் ஷஹீத் தீவு ஆயிற்று. 2024ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஏஜெண்டுகளும் நீங்களும் இன்னும் பழைய பெயரிலேயே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். டிக்கெட்டில் இரண்டும் வரும், குழம்ப வேண்டாம்.

மறுபடி மழையிலேயே போவதென்றால் ஒரே தீவில் தங்குங்கள், கிழக்குக் கரையில், நல்ல கூரையுள்ள வராண்டாவோடு. நீலை விட்டுவிடுங்கள். விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவும் போர்ட் பிளேரில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள், படகு ஒரு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். ஸ்கூபாவுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அந்த மாதங்களில் பலர் கடையையே சாத்திவிடுகிறார்கள், திறந்திருக்கும் இடத்திலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அன்றைக்கு அங்கேயே பேசிக்கொள்ளலாம். துணி காயாது, அதனால் ஜீன்ஸ் வேண்டாம். ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், விடிவதும் ஐந்து மணிக்கு முன்பே. நம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு எழுந்தால் பாதிக் காலை போயிருக்கும். மழை விடும் நேரம் எப்போதென்று யாராலும் சொல்ல முடியாது, விட்டால் உடனே கிளம்பத் தயாராக இருப்பதுதான் வழி.

அந்த ஊரே மழையில்தான் வேலை செய்கிறது என்பதையும் போனால் பார்ப்பீர்கள். ஹேவ்லாக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1950களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சுற்றுலாவுக்கு ஆஃப் சீசன், வயலுக்கு அதுதான் சீசன். மழை நாளில் சின்ன வங்காளிக் கடையில் கேட்டுப் பாருங்கள், அரிசியும் பருப்பும் குழையப் போட்ட கிச்சுரியும் பொரித்த மீனும் கிடைத்தாலும் கிடைக்கும். விடுதி பஃபேயைவிட எவ்வளவோ மேல். இந்தி வரவில்லையே என்ற கவலை போர்ட் பிளேரில் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகையில் 15 சதவீதம் தமிழ் பேசுபவர்கள், அபர்டீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

போர்ட் பிளேரின் அந்த இரண்டு நாளும் வீணாகாது. 1896ல் கட்டத் தொடங்கி 1906ல் முடித்த செல்லுலார் சிறையில் ஏழு கிளைகளில் மூன்றுதான் மிச்சம், நடைபாதை எல்லாம் கூரைக்குக் கீழே. திறந்தவெளி ஒலி ஒளிக் காட்சியை மட்டும் நம்ப வேண்டாம். கடல் விட்டுக்கொடுத்தால் எதிரே இருக்கும் ராஸ் தீவுக்கு மழையில்தான் போக வேண்டும். ஆங்கிலேயர்கள் தலைமையிடமாக வைத்திருந்து, 1941 நிலநடுக்கத்துக்குப் பிறகும் அடுத்த வருஷம் ஜப்பானியர் வந்ததிலும் கைவிட்ட இடம். கூரை போன தேவாலயச் சுவர்களை ஆலம் இனத்து வேர்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நனைந்தால் செங்கல் சிவக்கும், வேர் கறுக்கும். வெயிலில் பார்த்தால் வெறும் இடிபாடு.

உங்களுக்கு ஆனியில் வெயில்தான் வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. இலங்கையில் அந்த மாதங்களில் தென்மேற்குக் கரை நனையும்போது திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பக்கம் காய்ந்து கிடக்கும், கடலும் அமைதி. பாலித் தீவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். தாய்லாந்தில் புக்கெட் வேண்டாம், அதுவும் அந்தமான் கடல்தான், அங்கும் இதே மழை. மறுபக்கத்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் அப்போது பெரும்பாலும் பரவாயில்லை. மாலத்தீவையும் லட்சத்தீவையும் ஆனியில் மறந்துவிடுங்கள்.

ஏமாற்றா என்று கேட்டிருந்தீர்கள். பாதி விலைக்கு மழையும் சேர்த்துத்தான் விற்கப்பட்டது. வாங்கியவருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டார் ஏஜெண்ட், அது நேர்மையில்லை. ஆனாலும் மழை பெய்ததற்காக மொத்தப் பணமும் திரும்பக் கேட்பது செல்லாது. கிளம்பாத படகின் கட்டணமும், செய்யாத ஸ்கூபாவின் முன்பணமும் கண்டிப்பாக உங்களுக்கு வர வேண்டியவை. கூடுதல் இரவுக்கான அறை வாடகையை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் கணக்கில்தான் போகும். கேட்பதை மெயிலில் கேளுங்கள், படகு ரத்தான தகவல் வந்த குறுஞ்செய்தியையும் இணைத்து அனுப்புங்கள். ஃபோன் வேண்டாம்.