டெவர்ஸுக்குத் திமிர்னே வெச்சுக்குவோம், அப்புறம்?

கேள்வி: ரஃபேல் டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குத் தள்ளிவிட்டதுதான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் டீம் 2025-ல பண்ண ஒரே உருப்படியான காரியம். வருஷத்துக்கு 30 மில்லியன் டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டுட்டு, டீம்ல ஆள் இல்ல, கொஞ்சம் ஃபர்ஸ்ட் பேஸ்ல ஃபீல்டிங் நில்லுப்பான்னா முடியாதுங்கறார். அவர் போனதும் டீம் நாலு வருஷம் கழிச்சு பிளே-ஆஃப் போச்சு. போன இதழ்ல நீங்க அவருக்கு வக்காலத்து வாங்கினது நியாயமா?
(மாசசூசெட்ஸ்ல இருந்து ஒரு வாசகர்)

பதில்: வக்காலத்தெல்லாம் இல்ல சார். எனக்குக் கோபம் டெவர்ஸ் மேல இல்ல, அவரை வித்தவங்க மேலன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கே இவ்ளோ சூடா லெட்டர் போட்டிருக்கீங்க.

உங்க கணக்குல இருந்தே வர்றேன். 2025 ஜூன் 15, ஞாயித்துக்கிழமை, சொந்த மைதானம் ஃபென்வே பார்க்ல நியூயார்க் யாங்கீஸை 2-0ன்னு ஜெயிச்சு அந்த சீரிஸ் மூணு மேட்சையும் ரெட் சாக்ஸ் தட்டித் தூக்கிட்டாங்க, அன்னிக்கு டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) கூட அடிச்சார், அன்னிக்கு சாயந்திரமே ஆளை வித்தாச்சுன்னு செய்தி. அப்போ டீம் 37 ஜெயிப்பு, 36 தோல்வி. அதுக்கப்புறம் 52-37. மொத்தம் 89 ஜெயிப்பு, பிளே-ஆஃப். பாத்தீங்களா, பீடை ஒழிஞ்சதும் வீடு வெளங்கிடுச்சுன்னு நீங்க சொல்றீங்க. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான் இது.

அந்த 52 ஜெயிப்பு யாரால வந்துச்சுன்னு பாருங்க. ரோமன் ஆன்டனின்னு 21 வயசுப் பையன், டெவர்ஸ் போறதுக்கு ஆறு நாள் முன்னாடியே, ஜூன் 9-ஆம் தேதியே மைனர் லீக்ல இருந்து மேல வந்தாச்சு. பந்து வீசற காரெட் க்ரோஷே வருஷம் முழுக்க வீசி 18 ஜெயிப்பு, 5 தோல்வி, 255 ஸ்டிரைக்அவுட் (பேட்ல சரியா பட விடாமலே அவுட்), அவரை வாங்கினது 2024 டிசம்பர்ல. கடைசி இன்னிங்ஸ் போட வர்ற சாப்மன், 37 வயசுல ஈ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்டுக்குடுத்த ரன், கம்மியா இருந்தா நல்லது) 1.17 வெச்சிருந்தார். இவங்கள்ல ஒருத்தராவது டெவர்ஸைக் குடுத்து வாங்கின ஆளா? அவர் டீம்ல இருந்திருந்தாலும் இவங்க இதே ஆட்டத்தைத்தான் ஆடியிருப்பாங்க.

டெவர்ஸைக் குடுத்து வாங்கின ஆளுங்களையும் பாத்துடுவோம். ஜோர்டன் ஹிக்ஸ் நூறு மைல் வேகத்துல வீசுவார்னாங்க, பாஸ்டன்ல அவரோட ஈ.ஆர்.ஏ எட்டுக்கு மேல போச்சு. கைல் ஹாரிசனை முக்காவாசி நேரம் மைனர் லீக்ல, வூஸ்டர்ல உக்கார வெச்சிருந்தாங்க. ஜேம்ஸ் டிப்ஸ்னு ஒரு இளம் பேட்ஸ்மேன், அவரை ஒன்றரை மாசத்துலயே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் குடுத்து டஸ்டின் மேங்கற பந்து வீசறவரை வாங்கினாங்க, மே வந்து அடி வாங்கினதுதான் மிச்சம். நாலாவதா வந்த ஹோசே பெல்லோ ரொம்பச் சின்னப் பையன், அவரைப் பத்தி இப்பவே தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு, 2033 வரைக்கும் மிச்சம் இருந்த 250 மில்லியனுக்கு மேல உள்ள சம்பளத்தை ஜயன்ட்ஸ் தலையில கட்டினாங்க பாருங்க, இந்த டீல்ல பாஸ்டனுக்கு நெஜமா கிடைச்சது அதுதான். அந்தக் காசுல, ஆள் மாத்திக்கறதுக்குக் கெடு முடியற ஜூலை கடைசிக்குள்ள ஒரு நல்ல பேட்ஸ்மேனை வாங்கியிருந்தா நான் வாயைப் பொத்திக்கிட்டுப் போயிருப்பேன். வாங்கலையே.

அந்தக் குறை அக்டோபர்ல நியூயார்க்ல தெரிஞ்சுபோச்சு. யாங்கீஸ் கூட வைல்ட் கார்டு சீரிஸ், அதாவது பிளே-ஆஃப்ல முதல் சுத்து, மூணு மேட்ச். முதல் மேட்சை க்ரோஷே ஒத்தை ஆளா இழுத்துக் குடுத்தார், ரெண்டாவது 4-3 தோல்வி, மூணாவதுல யாங்கீஸோட ஷ்லிட்லர்ங்கற புதுப் பையன் எட்டு இன்னிங்ஸ் வீசி 12 பேரை ஸ்டிரைக்அவுட் பண்ணி நம்மாளுங்களை முட்டையில நிறுத்திட்டான். மூணு மேட்சுலயும் சேத்து பாஸ்டன் எடுத்த ரன் ஆறே ஆறு. பாஸ்டன்ல அந்த வருஷம் அதிக ஹோம் ரன் ட்ரெவர் ஸ்டோரி அடிச்ச 25. டெவர்ஸ் ரெண்டு டீமுக்கும் சேத்து 35 அடிச்சார். கடைசி மேட்ச்ல நாலாவது இன்னிங்ஸ் ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட்ல அவசரத்துக்குப் பிடிச்சுட்டு வந்த நதானியல் லோ ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கறார், உருண்டு வந்த பந்து அவர்கிட்ட நிக்காம ஓடுது, ரெண்டு ரன் உள்ள வருது. வருஷம் பூரா சண்டை நடந்தது எந்த இடத்துக்காகவோ, அதே இடத்துல!

இப்போ அந்த சண்டைக்கு வர்றேன், நீங்க அதைப் பாதியில இருந்து சொல்றீங்க. டெவர்ஸ் தேர்ட் பேஸ் ஆளு. நல்லாப் பிடிப்பாரான்னா இல்ல, எரர், அதாவது பந்தைக் கோட்டை விடற பட்டியல்ல வருஷா வருஷம் மேல இருப்பார், அதை நான் மறைக்கல. 2025 பிப்ரவரியில அலெக்ஸ் பிரெக்மனை மூணு வருஷத்துக்கு 120 மில்லியன் குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, அவரும் தேர்ட் பேஸ்தான், முந்தின வருஷம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கினவர். ஆட்டப்படி பிரெக்மன் அங்க நிக்கறது சரிதான். ஆனா 313 மில்லியன் கான்ட்ராக்ட் போட்டு டீமோட முகமே நீதான்னு சொன்ன ஆள்கிட்ட முன்னாடியே உக்காந்து பேசி முடிக்க வேண்டாமா? சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப் தொடங்கினப்புறம்தான் விவகாரமே சந்திக்கு வருது, அவர் தேர்ட் பேஸ் என் இடம்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்றார், கடைசியில க்ளவை மூட்டை கட்டி வெச்சுடு, நீ பேட் மட்டும் பிடிச்சாப் போதும்னு டி.ஹெச் ஆக்கிட்டாங்க. கடுப்போட ஒத்துக்கிட்டார். முதல் அஞ்சு மேட்ச்ல ஒரு ஹிட் இல்ல, 15 ஸ்டிரைக்அவுட், ஊரே சிரிச்சுது. அதுல இருந்து எழுந்து வந்து ஜூன்ல விக்கும்போது 15 ஹோம் ரன், 58 ஆர்.பி.ஐ (அவர் அடியால டீமுக்கு வந்த ரன்). மே மாசம் ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்ன ட்ரிஸ்டன் காஸஸ் முட்டி போய் சீசனே முடிஞ்சதும், டீமுக்கு ஆள் எடுக்கற தலைமை அதிகாரி க்ரெய்க் பிரெஸ்லோ வந்து அந்த க்ளவைத் திரும்ப எடு, ஃபர்ஸ்ட் பேஸ் பழகிக்கோங்கறார். எனக்கே ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை வேலையை மாத்தினா எரிச்சல் வரும்.

சரி, அவர் மேல தப்பே இல்லையா? இருக்கு. பத்து வருஷக் கான்ட்ராக்ட்காரர் நிலைமையைப் பாத்து, சரி ட்ரை பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். மைக் முன்னாடி முடியாதுன்னது தப்பு, ஓனர் ஜான் ஹென்றியே கிளம்பி கான்சாஸ் சிட்டி வரைக்கும் போய்ப் பேச வேண்டியதாச்சு. அதைவிட எனக்கு வலிச்சது, சான் ஃபிரான்சிஸ்கோ போனதும் எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கறேன்னு சொல்லிட்டு ஜூலையிலயே ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னார் பாருங்க, அது. அப்ப அவரால முடியாத வேலை இல்ல அது, பாஸ்டனுக்குப் பண்ணத்தான் மனசு இல்ல. அந்த மனசைக் கெடுத்தது யாருங்கறதுதான் என் கேள்வி.

ஏன்னா இதே டீம் வளர்த்த இன்னொரு ஆள் இருக்கார், மூக்கி பெட்ஸ். 2018-ல லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் (எம்.வி.பி), அந்த வருஷம் உலக சீரிஸ் ஃபைனலும் ஜெயிச்சாச்சு. 2020 பிப்ரவரியில சம்பளம் கட்டுப்படியாகாதுன்னு டாட்ஜர்ஸுக்கு அனுப்பினாங்க, டேவிட் ப்ரைஸையும் சேத்து. பதிலுக்கு வந்த வெர்டுகோ, டவுன்ஸ், வாங் மூணு பேர்ல 2025-ல மிச்சம் இருந்தது கேட்சர் வாங் மட்டும். பெட்ஸுக்கு ரைட் ஃபீல்டுல ஆறு கோல்ட் க்ளவ் இருக்கு, அப்பேர்ப்பட்டவரை, செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல நிக்கற ஷார்ட்ஸ்டாப்புக்கு மாறச் சொன்னாங்க டாட்ஜர்ஸ். ஆனா 2024 சீசன் முடிஞ்ச கையோட சொல்லிட்டாங்க, மனுஷன் குளிர்காலம் பூரா பந்து பொறுக்கிப் பழகினார். 2025 நவம்பர் 1 ராத்திரி, டொராண்டோல உலக சீரிஸ் ஏழாவது மேட்ச், பதினோராவது இன்னிங்ஸ், 5-4. டொராண்டோவோட கிர்க் அடிச்ச பந்து நேரா ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் வருது, பெட்ஸ் எடுத்தார், செகண்ட் பேஸை மிதிச்சார், ஃபர்ஸ்டுக்கு எறிஞ்சார், ரெண்டு அவுட், கோப்பை டாட்ஜர்ஸுக்கு. பாஸ்டன் விட்டப்புறம் அவருக்கு மூணாவது கோப்பை.

பெட்ஸ் குணம் வேற, டெவர்ஸ் குணம் வேறன்னு நீங்க உடனே சொல்வீங்க. இருக்கலாம். ஆனா 2020-ல பெட்ஸ், 2022 டிசம்பர்ல ஷார்ட்ஸ்டாப் போகார்ட்ஸ் 280 மில்லியனுக்கு சான் டியேகோ, 2025-ல டெவர்ஸ். போகார்ட்ஸ் மேல ஒருத்தரும் திமிர்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, தெரியுமா? அவரையும்தான் விட்டாங்க. மூணு பேர் கோபக்காரங்களா இருக்கறதுக்கும் ஒரு ஆஃபீஸ் சரியா பேசத் தெரியாம இருக்கறதுக்கும் எதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க.

டெவர்ஸ் இல்லாமலே அதிக மேட்ச் ஜெயிக்க வாய்ப்பு இருக்குன்னு பிரெஸ்லோ அப்போ சொன்னார், கணக்குப்படி அவர் சொன்னது பலிச்சிருச்சுன்னுகூட வெச்சுக்கலாம், நான் அதுக்கு மல்லுக்கட்டல. ஆனா யாருக்காக இவ்வளவு ரகளை நடந்துச்சோ அந்த பிரெக்மன், மூணு வருஷக் கான்ட்ராக்ட்ல முதல் வருஷம் முடிஞ்சதுமே 2025 நவம்பர்ல அதை முறிச்சுக்கிட்டு, எந்த டீமுக்கும் போகலாம்ங்கற ஃப்ரீ ஏஜென்ட் ஆயிட்டார். அப்போ ரெட் சாக்ஸ்ல தேர்ட் பேஸும் காலி, ஃபர்ஸ்ட் பேஸ்ல காஸஸ் முட்டி எப்போ சரியாகும்னு காத்திருந்தாங்க. ரெண்டுலயும் நிக்கத் தெரிஞ்ச, 35 ஹோம் ரன் அடிக்கற ஆளு எங்கயாவது கிடைச்சிருந்தா பிரெஸ்லோவுக்குப் போட்டிருக்கணும் சார் அந்த லெட்டரை, எனக்கு இல்ல.