வாசகர் கேள்வி பதில்: அட்டவணைக்குப் பெயர் வைத்தீர்களா?

கேள்வி: எங்கள் இணையதளத்தில் ஒவ்வோர் அட்டவணைக்கு மேலும் தடித்த எழுத்தில் தலைப்பு போட்டிருக்கிறோம். சோதித்துப் பார்த்தவரோ, ‘அட்டவணைக்குத் தலைப்பு இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறாரே?

பதில்: அவர் சொல்வது சரி. குழப்பத்துக்குப் பாதிக் காரணம், தமிழில் மூன்று வெவ்வேறு விஷயங்களை நாம் ‘தலைப்பு’ என்றே சொல்வதுதான். பக்கத்தில் ஒரு பகுதிக்கு மேலே வருவது ஒன்று, நெடுவரிசையின் உச்சியில் நிற்பது ஒன்று, அட்டவணை முழுவதற்கும் உரியது ஒன்று. இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் (HTML) இவை தனித்தனி டேக்குகள், அதாவது குறிச்சொற்கள்: முதலாவதற்கு எச்1 முதல் எச்6 வரை, இரண்டாவதற்கு டிஎச் (th), மூன்றாவதற்கு கேப்ஷன் (caption). இங்கே மூன்றாவதை மட்டும் ‘அட்டவணைப் பெயர்’ என்று சொல்கிறேன்.

நீங்கள் வைத்தது தடித்த எழுத்தில் ஒரு பத்தி. பக்கத்தில் இருப்பதால் அது அட்டவணையைச் சேர்ந்தது என்று கண் புரிந்துகொள்கிறது. பார்வையற்றோருக்காகத் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்கு அந்த நெருக்கம் தெரியாது. அதைப் பயன்படுத்துபவர் பக்கத்தை எப்போதும் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு வருவதும் இல்லை. என்விடிஏ (NVDA), ஜாஸ் (JAWS) என்ற இரண்டு ஸ்கிரீன் ரீடர்களிலும் ‘டி’ (T) விசையை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்கு நேராகத் தாவலாம். அப்படித் தாவும்போது உங்கள் தடித்த பத்தி பின்னால் நின்றுவிடும். காதில் விழுவது ‘அட்டவணை, 12 வரிசை, 4 நெடுவரிசை’ என்பது மட்டும்தான். கேப்ஷன் இருந்தால் அதோடு ‘பேருந்து புறப்படும் நேரம், வார நாட்கள்’ என்பதும் கேட்கும். உள்ளே போவதா, அடுத்ததற்குத் தாவுவதா என்று அவர் வாசலிலேயே முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியது எளிது. டேபிள் டேக் திறந்த உடனே, டிஹெட் (thead), கால்குரூப் (colgroup) போன்ற உள் டேக்குகள் எதுவும் வருவதற்கு முன், முதல் உறுப்பாக கேப்ஷன் டேக்கை வையுங்கள். ஓர் அட்டவணைக்கு ஒன்றுதான். அந்தப் பெயர் பக்கத்தின் பகுதித் தலைப்பாகவும் இருக்க வேண்டுமென்றால், கேப்ஷனுக்குள்ளேயே எச்3 போடலாம், விதி அதை அனுமதிக்கிறது. பகுதித் தலைப்புகளுக்குத் தாவும் ‘எச்’ (H) விசையால் தேடி வருபவருக்கும் ‘டி’ விசையால் வருபவருக்கும் ஒரே பெயர் கிடைக்கும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டியில் இது 1.3.1 என்ற விதியின் கீழ் வருகிறது. அது ‘ஏ’ நிலை, அதாவது அடிப்படைத் தேவை.

கேள்வி: முதல் வரிசையின் கட்டங்களை கோல்ஸ்பேன் (colspan) என்ற பண்பைக் கொண்டு ஒன்றாக்கி, அதில் பெயரை எழுதுகிறோம். இது போதாதா?

பதில்: போதாது, கெடுதலும் உண்டு. அந்த வரிசை தரவாகவே எண்ணப்படும். வாசிப்பவர் முதல் கட்டத்தில் நின்றால் ‘வரிசை 1’ என்ற அறிவிப்போடு பெயர் வருகிறது, உண்மையான நெடுவரிசைத் தலைப்புகள் 2ஆம் வரிசைக்குத் தள்ளப்படுகின்றன. அந்தக் கட்டத்தை டிஎச் ஆக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கண்ட்ரோல், ஆல்ட், அம்பு விசைகளால் பக்கவாட்டில் நகரும்போது, நெடுவரிசைத் தலைப்போடு முழுப் பெயரையும் சேர்த்துப் படிக்கக்கூடும். எக்செல்லிலிருந்து அப்படியே ஒட்டும் அட்டவணைகளில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. ஒட்டியவுடன் முதல் வரிசையை நீக்கி, அதிலிருந்த வாசகத்தை கேப்ஷனுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் டேபிள் பிளாக்கில் ‘கேப்ஷன்’ என்றே ஓர் இடம் இருக்கிறதே, அதில் எழுதினால் சரிதானே?

பதில்: பெயர்தான் கேப்ஷன். அந்த பிளாக் அட்டவணையை ஃபிகர் (figure) டேக்குக்குள் வைத்து, நீங்கள் எழுதியதை அட்டவணைக்குக் கீழே ஃபிக்கேப்ஷன் (figcaption) டேக்கில் போடுகிறது. அது தவறான எச்டிஎம்எல் அல்ல. ஆனால் பெயர் ஃபிகருக்குப் போகிறது, அட்டவணைக்கு அல்ல. ‘டி’ விசையால் வருபவருக்கு அட்டவணை பெயரில்லாமலே நிற்கும். எச்டிஎம்எல் குறியீட்டைத் திருத்த முடியுமென்றால் ஃபிக்கேப்ஷனுக்கு ஒரு ஐடி கொடுத்து, டேபிள் டேக்கில் ஏரியா-லேபிள்ட்பை (aria-labelledby) என்ற பண்பின் மூலம் அதைச் சுட்டுங்கள். இல்லையென்றால் கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கில் அட்டவணையை நேரடியாக எழுதுவதே நல்லது.

டேபிள் டேக்கிலேயே பெயரை எழுதும் ஏரியா-லேபிள் (aria-label) என்ற பண்பைப் போட்டால் வேலை முடிந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். கேப்ஷனும் இருந்து ஏரியா-லேபிளும் இருந்தால், பெயராக எடுத்துக்கொள்ளப்படுவது ஏரியா-லேபிள். பிறகு யாராவது கேப்ஷனை மட்டும் திருத்துவார்கள், காதுக்குப் பழைய பெயரே கேட்கும். கேப்ஷன் இருக்கும் இடத்தில் ஏரியா-லேபிள் வேண்டாம்.

கேள்வி: வடிவமைப்பாளர் பெயரைக் கீழே வைக்கச் சொல்கிறார், அல்லது மறைக்கச் சொல்கிறார். மொபைலில் வேறு பெயர் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது.

பதில்: கீழே காட்ட, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் (CSS) கேப்ஷன்-சைடு: பாட்டம் (caption-side: bottom) போதும். எச்டிஎம்எல் குறியீட்டில் டேக் முதலிடத்திலேயே இருக்கட்டும். மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கவனம் சிதறுபவருக்கும், திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கும் கண்ணுக்குத் தெரியும் பெயர் தேவை. மறைத்தே ஆக வேண்டுமென்றால் டிஸ்ப்ளே: நன் (display: none) போடாதீர்கள், ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும் அது மறைந்துவிடும். அகலம், உயரம் இரண்டும் 1 பிக்சல், பொசிஷன் அப்சல்யூட், ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று வைத்து, கண்ணுக்கு மட்டும் மறையுங்கள்.

மொபைல் சிக்கலுக்குக் காரணம் இதுதான்: கேப்ஷன் இயல்பாகவே அட்டவணையின் முழு அகலத்துக்கும் நடுவில் நிற்கும். அட்டவணை 900 பிக்சல், திரை 360 பிக்சல் என்றால் நடு என்பது திரைக்கு வெளியே. இடப்பக்கம் சீரமையுங்கள். பக்கவாட்டில் உருட்ட வேண்டியிருந்தால் டேபிள் டேக்குக்கே டிஸ்ப்ளே: பிளாக் கொடுக்காதீர்கள். சில பிரவுசர்களில் அட்டவணை என்ற அடையாளமே போய்விடும், பெயர் வைத்தும் பயனில்லை. அட்டவணையைச் சுற்றி வெளியே ஒரு டிவ் (div) டேக் போட்டு, அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ (overflow-x: auto), டேப்இண்டெக்ஸ் 0 (tabindex="0"), ரோல் ரீஜியன் (role="region") கொடுங்கள். கேப்ஷனுக்கு ஐடி வைத்து, டிவ்வின் ஏரியா-லேபிள்ட்பை அதைச் சுட்டட்டும். விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவரும் அம்பு விசையால் உருட்டலாம்.

கேள்வி: பெயரில் என்ன எழுதுவது? எவ்வளவு நீளம்?

பதில்: என்ன தரவு, எந்தக் காலத்துக்கு, எந்த அலகில் என்பது போதும். ‘மாத மழையளவு, 2024, மில்லிமீட்டரில்’ நல்ல பெயர். ‘விவரங்கள்’ பெயரே அல்ல. ‘அட்டவணை’ என்ற சொல்லை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். கட்டுரையில் எண்ணிட்டுக் குறிப்பிட்டால் மட்டும் ‘அட்டவணை 3’ சேருங்கள். அட்டவணைக்குள் நுழையும்போதெல்லாம் பெயர் ஒலிக்கும் என்பதால், நீண்ட விளக்கத்தை முன்னுள்ள பத்தியில் வையுங்கள். அத்தகைய விளக்கத்துக்காக முன்பு இருந்த சம்மரி (summary) என்ற பண்பு எச்டிஎம்எல்5இல் வழக்கொழிந்துவிட்டது. தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தலாம் என்றால் ‘நெடுவரிசைத் தலைப்புகளை அழுத்தி வரிசை மாற்றலாம்’ என்று ஒரு வரி பெயரோடு சேர்ப்பது மிகவும் உதவும். பக்கம் பக்கமாகப் பிரித்த அட்டவணையில் ‘பக்கம் 2’ என்பதும் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி: சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: குரோமில் அட்டவணையின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட், டேபிள் டேக்கைத் தேர்ந்தெடுத்து, அக்செசிபிலிட்டி பகுதியைத் திறங்கள். ‘நேம்’ என்ற வரியில் உங்கள் வாசகம் இருக்க வேண்டும். பிறகு என்விடிஏவை நிறுவுங்கள், இலவசம்தான். திரையை அணைத்துவிட்டு ‘டி’யை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். ஜாஸ் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல், இன்சர்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் அட்டவணைகள் பட்டியலாக வரும். தமிழ்ப் பெயர் உளறலாகக் கேட்டால் அல்லது கேட்காமலே போனால், எச்டிஎம்எல் டேக்கில் மொழி ‘ஆங்கிலம்’ என்று கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, அந்தக் கணினியில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று பாருங்கள்.