கறிக்கத்தி: வாங்குவதும் தீட்டுவதும் – கேள்வி-பதில்

கத்தி பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கி, ஒரே பகுதியில் தருகிறேன்.

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறேன். இந்த இலையுதிர் காலத்தில் முதல்முறையாக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறேன். லைசன்ஸ் எல்லாம் எடுத்தாச்சு. சுட்ட இடத்திலேயே குடல் எடுத்துச் சுத்தம் செய்ய என்ன கத்தி வாங்கலாம்? கடையில் 7 அங்குலக் கத்தி ஒன்றைக் காட்டினார்கள். முதுகில் ரம்பப் பல், நுனிப் பக்கம் தோல் கிழிக்கும் கொக்கி. பார்க்க நன்றாக இருக்கிறது. (ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மானின் வயிற்றைத் திறந்து உதரவிதானத்தை அறுக்கும்போது உங்கள் கை மணிக்கட்டுக்கு மேல் உள்ளே போயிருக்கும். கத்தி நுனி கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் வழி காட்டணும். அலகு நீளமாக இருந்தால் நுனி போய் இரைப்பையிலோ மூத்திரப்பையிலோ குத்தும், உள்ளே இருப்பது கறியில் கொட்டும். வெள்ளைவால் மானுக்கு மூன்றரை முதல் நாலு அங்குல அலகு தாராளம். முதுகு நுனியை நோக்கி லேசாகச் சரிந்து இறங்கும் வடிவமாகப் பாருங்கள், கடையில் ‘டிராப் பாயின்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அந்த நுனி எளிதில் குத்தாது.

மடக்குக் கத்தி வேண்டாம். மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் போய் உறைந்தால் வெளியே எடுப்பது பெரிய வேலை. கொக்கி தோலைத் திறக்க உதவும்தான், ஆனால் அது மழுங்கினால் தீட்டுவதற்குச் சின்ன உருண்டை அரம் வேண்டும். கொக்கி இல்லாமலே செய்யலாம். தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்குங்கள். கூர் மேலே பார்த்தபடி, அந்த இரு விரல்களுக்கு நடுவே கத்தியை நகர்த்துங்கள். குடலில் படாது. முதுகில் இருக்கும் ரம்பப் பல் எலும்பில் சிக்கும், அறுக்காது. இடுப்பெலும்புக்குத் தனியாக ஒரு சின்ன மடக்கு ரம்பம் எடுத்துப் போங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் 1891 முதல் கத்தித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்யும் ‘மோரா கம்பேனியன்’ கத்தியில் அலகு 10 சென்டிமீட்டர் சொச்சம், எஃகு 12சி27 என்ற துருப்பிடிக்காத ரகம், வழுக்காத ரப்பர் பிடி, விலையும் குறைவு. ஆரஞ்சு நிறப் பிடியாக வாங்குங்கள், சருகுக்கு நடுவே கீழே வைத்தால் தேட வேண்டியிருக்காது. பிளேடு மாற்றும் வகைக் கத்திகளும் கடையில் தொங்கும். சவரக் கூர்மைதான். ஆனால் மூட்டில் வைத்துத் திருகினால் ஒடியும், ஒடிந்த துண்டு கறிக்குள் கிடக்கும். முதல் வேட்டைக்கு அது வேண்டாம்.

குடல் எடுத்ததும் உடலை விரித்துக் காற்றுப் பட வையுங்கள். கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சீக்கிரம் இறங்கணும்.

கேள்வி: தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. பிடித்தால் அறுக்க ஏற்ற கத்தி சொல்லுங்கள். (கோவை மாவட்டம்)

பதில்: சொல்ல மாட்டேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் பிடிப்பதே குற்றம். பயிர் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனு கொடுங்கள். சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘டமாஸ்கஸ், 67 அடுக்கு, ஜப்பான் எஃகு’ என்று போட்டிருந்த கறிக்கத்தியை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். பாத்திரம் தேய்க்கும் நாரில் தேய்த்ததும் அலகில் இருந்த அலை அலையான கோடெல்லாம் அழிந்துவிட்டது. உள்ளே சாதாரண எவர்சில்வர். ‘பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். மகனுடைய கல்யாணச் சீருக்காக வாங்கியது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நிஜமான அடுக்கு எஃகில் கோடு உலோகத்திலேயே இருக்கும். தேய்த்தால் மங்கலாம், ஆனால் முதுகுப் பக்கம் பார்த்தாலும் அடுக்கு தெரியும். உங்களுக்கு வந்தது மேலே அச்சடித்த கோலம்.

‘பயன்படுத்தியது’ என்ற பதில் சட்டத்தில் நிற்காது. 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இன்றைக்கே. நாளைக்கு ‘67 அடுக்கு’ என்ற வரியைத் தூக்கிவிடுவார்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, வாங்கி 2 ஆண்டுக்குள் போடணும். 3,200 ரூபாய்தானே என்று விடாதீர்கள். எல்லோரும் அப்படி விடுவதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். கத்தியின் உயிர் இரண்டு விஷயத்தில் இருக்கிறது: எந்த எஃகு, எப்படித் தோய்ச்சல் போட்டார்கள் (அதாவது காய்ச்சி, முக்கி எடுத்துக் கடினமாக்கினார்கள்). மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் கடையில் இருக்கும் கத்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சொல்வதில்லை. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று போடுவார்கள், அப்படி ஒரு தனி ரகம் கிடையாது. ‘ஜெர்மன் தொழில்நுட்பம்’ என்று போடுவார்கள், ஜெர்மனியில் செய்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நகரத்தின் பெரிய ஷோரூம் ஒன்றில் அந்த வார்த்தையோடு மரத்தாங்கியில் செருகிய ஆறு கத்தி செட் ஒன்று எனக்கும் விற்றார்கள். நல்ல கனம், பளபளப்பு. ஒரு முழுக் கோழியை வெட்டி முடிப்பதற்குள் கூர் மடங்கிவிட்டது. தீட்டினால் அன்றைக்கு மட்டும் வெட்டும். பெட்டியின் ஆறு பக்கத்திலும் எஃகு ரகம் பற்றி ஒரு எழுத்து இல்லை. பொதிப் பொருள் விதிகள் தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை, இறக்குமதி என்றால் எந்த நாடு என்று எல்லாம் அச்சடிக்கச் சொல்கின்றன. கத்திக்கு எஃகு ரகமும் கடினத்தன்மையும் அச்சடிக்கணும் என்று வந்தால் பாதிப் போலிகள் கடையை விட்டுப் போய்விடும். அரிசிக்கு ரகம் கேட்டு வாங்குகிறோம், எஃகுக்கும் கேட்கணும்.

கேட்க வேண்டியது இதுதான். எஃகின் பெயர் என்ன, ராக்வெல் கடினத்தன்மை (எஃகு எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) எவ்வளவு? கறிக்கத்திக்கு 56 முதல் 58 நல்லது. அதற்குக் கீழே போகப் போகக் கூர் நிற்காது. 60-க்கு மேலே போனால் கூர் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: 3 வருஷம் முன்னால் நல்ல கம்பெனிக் கத்தி வாங்கினேன். இதுவரை ஒரு தடவைகூடத் தீட்டவில்லை. இப்போது கோழித்தோல்கூட வெட்டமாட்டேன் என்கிறது. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (சென்னை)

பதில்: முடியாது. தீட்டுங்கள்.

கேள்வி: நானே தீட்டிப் பழக ஆசை. எந்தக் கல், எத்தனை டிகிரி? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (நாமக்கல்)

பதில்: இரண்டு பக்கக் கல் ஒன்று போதும். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்ற அளவில். இது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். கூர் இருக்கும்போதே தீட்டினால் 1000 பக்கம் மட்டும் போதும். மொன்னையாகிப் போனதற்கும் பல் விழுந்ததற்கும்தான் 400. 3000, 6000 கல்லெல்லாம் மீனைத் தாள் போல் சீவுகிறவர்களுக்கு. கறி வெட்ட லேசான சொரசொரப்பு விளிம்பில் இருப்பதே நல்லது, தோலைப் பிடித்து வெட்டும்.

கறிக்கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. கோணமானி தேவையில்லை. அலகு 3 சென்டிமீட்டர் அகலம் என்றால், கூர் கல்லில் பட்டிருக்க, முதுகு கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அதுதான் ஏறக்குறைய 20 டிகிரி. எலும்பு வெட்டும் கத்திக்கு 25. அதற்குக் கொஞ்சம் கூடத் தூக்குங்கள்.

கல்லை நனைத்து, ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தேயுங்கள். மை முழுக்க அழிந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்தால் முதுகைத் தூக்கணும். ஒரு பக்கத்தை அடிமுதல் நுனிவரை ஒரே அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டே இருங்கள். மறுபக்கத்து விளிம்பில் ஒரு பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை வெளிப்பக்கமாக இழுத்தால் அது தட்டுப்படும். விளிம்பின் வழியே விரலை ஓட்டாதீர்கள். பிசிறு அடி முதல் நுனி வரை முழுக்க எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்பணும். பெரும்பாலானோர் இங்கேதான் கெடுக்கிறார்கள். பிசிறு வருவதற்கு முன்னாலேயே திருப்பித் திருப்பித் தேய்த்துவிட்டு, கல் சரியில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் பிசிறு வந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நாலைந்து தடவை. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இழுங்கள், மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். எங்கே கிழிக்கிறதோ அந்த இடம் இன்னும் தீட்டப்படவில்லை.

கல் நடுவில் குழிந்துவிட்டால் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கேள்வி: தெருவில் மெஷினோடு வந்தவரிடம் சாணை பிடித்தேன். தீப்பொறி பறக்கப் பறக்கப் பிடித்தார். விளிம்பில் நீல நிறம் ஏறியிருக்கிறது. இரண்டே நாளில் மழுங்கிவிட்டது. (மதுரை)

பதில்: அந்த நீலம் சூட்டின் அடையாளம். கத்தி எஃகைத் தோய்ச்சல் போட்ட பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்துவார்கள். நீலம் ஏறினால் விளிம்பு 300 டிகிரியைத் தொட்டது என்று அர்த்தம். பதம் போய் எஃகு இளகிவிட்டது. அந்த நீலப் பகுதி முழுக்கத் தேயும்வரை கல்லில் கையால் தீட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போகும், போகட்டும். அடியில் நல்ல எஃகு இருக்கிறது. அடுத்த தடவை, சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்கிறவர் வந்தால் அவரிடம் கொடுங்கள். மெஷின்தான் என்றால், நடுநடுவே தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் கிடா வெட்டும்போது கறிக்கடை பாயை அழைக்காமல் நாங்களே உரித்துத் துண்டு போட என்னென்ன கத்தி வேண்டும்? கடைக்காரர் 12 கத்தி செட் எடுக்கச் சொல்கிறார். (ஒட்டன்சத்திரம்)

பதில்: மூன்று. தோல் உரிக்க வயிறு வளைந்த 5 அங்குலக் கத்தி, எலும்பிலிருந்து கறி எடுக்க ஒடுங்கிய 6 அங்குலக் கத்தி, எலும்புக்குக் கனமான வெட்டுக்கத்தி. மிச்சப் பணத்தில் நல்ல புளியமரக் கட்டை வாங்குங்கள்.

கேள்வி: பட்டறையில் அடித்த கத்தி நல்லதா, கம்பெனிக் கத்தி நல்லதா? சிவகங்கைப் பக்கம் போகும்போது திருப்பாச்சேத்தியில் வாங்கலாம் என்று யோசனை. (திருச்சி)

பதில்: வெட்டுக்கத்திக்குப் பட்டறைதான். நல்ல கொல்லர் லாரிப் பட்டாவில், அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில் தகட்டில், அடித்துத் தருவார். வளைந்து வளைந்து உழைக்க என்றே செய்த எஃகு அது, எலும்பில் விழுந்தாலும் சீக்கிரம் பல் விழாது. வாங்கும்போது பட்டாவா, வெறும் இரும்புத் தகடா என்று கேளுங்கள். கூர் பக்கத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். சறுக்கினால் தோய்ச்சல் இருக்கிறது, தோண்டிக்கொண்டு போனால் இல்லை. துரு பிடிக்கும். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உரிக்கவும் மெல்லிசாக வெட்டவும் கம்பெனிக் கத்தி வசதி.

இன்னொன்று. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் பேப்பரில் நன்றாகச் சுற்றி, பில்லோடு, பைக்குள்ளே அடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். மோட்டார் பைக்கில் சும்மா செருகிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: கண்ணாடிப் பலகையில் வெட்டுகிறேன், டிஷ்வாஷரில் கழுவுகிறேன், இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வைக்கிறேன். இப்படி எல்லாவற்றுக்கும் தாங்கும் கத்தி எது? (பெங்களூரு)

பதில்: உலகத்தில் இல்லை. பலகையை மாற்றுங்கள்.

கேள்வி: உள்ளே விட்டு இழுக்கும் தீட்டி 250 ரூபாய்க்கு வருகிறது. கூடவே ஒரு நீளக் கம்பியும் தருகிறார்கள். எது உபயோகம்? (ஈரோடு)

பதில்: அந்தத் தீட்டியில் கடினமான உலோக முனை இரண்டு ‘வி’ வடிவில் இருக்கும். அது விளிம்பைச் சுரண்டி எடுக்கிறது, ஒவ்வொரு தடவையும் இரும்பு போகிறது, விளிம்பு ரம்பமாகிறது. வாங்காதீர்கள். கம்பி நல்ல பொருள், ஆனால் அது தீட்டுவதில்லை. மடங்கிய விளிம்பை நிமிர்த்துகிறது. கறிக்கடையில் வெட்ட ஆரம்பிக்கும் முன் கம்பியில் இரண்டு இழுப்பு இழுப்பது அதற்குத்தான். கத்தியின் ராக்வெல் எண் 58-க்குக் கீழே என்றால் தினமும் கம்பி, மாதம் ஒரு தடவை கல். கம்பியைப் பலகையில் செங்குத்தாக ஊன்றிப் பிடித்துக்கொண்டு, கத்தியை மேலிருந்து கீழே லேசாக இழுங்கள். சினிமாவில் வருவது போல் காற்றில் வீச வேண்டாம்.