வீடாக இருந்து அலுவலகமான கட்டடம்: பெட்ஃபோர்ட் சதுக்கம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே அரண்மனை மாதிரி தெரிகிறது. கிட்டப் போனால் தனித்தனி வாசல்கள். எப்படி?

தனித்தனி வீடுகள்தான். 1775க்கும் 1783க்கும் இடையில் கட்டியவை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருப்பதற்கு மட்டும் வெளிர் பூச்சும் முக்கோண முகப்பும் கொடுத்து, மற்றதைச் செங்கல்லாகவே விட்டார்கள். அதனால்தான் தூரத்தில் நின்றால் ஒரே மாளிகை. அடுத்த முறை போகும்போது வாசல் வளைவின் உச்சியில் இருக்கும் தாடி முகத்தை நின்று பாருங்கள். கல் மாதிரி இருக்கும், ஆனால் சூளையில் சுட்ட மண். எலினார் கோட் என்ற பெண்மணி லாம்பெத்தில் நடத்திய தொழிற்சாலைச் சரக்கு. இத்தனை மழைக்கும் புகைக்கும் பிறகு மூக்கு முழி இன்னும் மழுங்கவில்லை. எனக்கு அந்தச் சதுக்கத்தில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

கேள்வி: முதல் மாடி ஜன்னல்கள் மட்டும் ஏன் அவ்வளவு உயரம்?

விருந்தினரை வரவேற்கும் கூடம் அங்கேதான். மேலே போகப் போகப் படுக்கையறை, உச்சியில் வேலைக்காரர்கள். ஜன்னலும் அதே வரிசையில் சிறுத்துக்கொண்டே போகும். சமையல் பேஸ்மென்ட்டில். இன்று பெரும்பாலும் அந்தக் கூடம்தான் மீட்டிங் அறை.

கேள்வி: செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரிக்காகத்தானே?

எல்லாம் இல்லை. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் பல ஜன்னல்கள் கட்டும்போதே பொய் ஜன்னல்கள். உள்ளே சிம்னி ஓடியிருக்கும்; வெளியே வரிசை கெடக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் அலுவலகம் இப்படி ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில். பழைய கோப்புகளை ஒரே அறையில் அடுக்கலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் இன்று வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, சாதாரண அலுவலகத்துக்கு 250 கிலோ என்று கணக்கு வைக்கிறார்கள். கோப்பு அலமாரி நெருக்கமாக நின்றால் அதையும் தாண்டிவிடும். கீழே இருப்பது மர உத்தரங்கள். ஒரு வீட்டில் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன்: ஹீட்டர் குழாய் போக வழி வேண்டும் என்று யாரோ உத்தரத்தை மேலிருந்து பாதி ஆழம் வெட்டியிருந்தார்கள். மேலே கம்பளம், அதன் மேல் மேஜைகள். யாருக்கும் தெரியாது. எனவே முதலில் பலகையைத் திறந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். அதுவரை கனமானதை பேஸ்மென்ட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்புறம் ஒயரிங்? சுவரைக் குடையலாமா?

வேண்டாம். பயன்படாத சிம்னிப் புழை ஒவ்வொரு அறையிலும் இருக்குமே, கேபிளை மேலே கொண்டுபோக அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் உள்ளே மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்வது அங்கே குற்றம்.

கேள்வி: முகப்புச் செங்கல் உதிர்கிறது. சிமென்ட் வைத்துப் பூசினோம், இன்னும் மோசமாகிறது.

சிமென்ட்தான் காரணமாக இருக்கும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. உள்ளே போன ஈரம் இடுக்குகளில் இருக்கும் காரை வழியாக வெளியேறும். இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். குளிரில் உறைந்து முகத்தைப் பெயர்த்துவிடும். பழைய காரை அனுபவமுள்ள கொத்தனாரை வைத்துச் சிமென்ட்டைப் பொறுமையாக எடுத்துவிட்டு, சுண்ணாம்பே வையுங்கள். மெஷின் வைத்து அறுக்கவிடாதீர்கள், செங்கல் ஓரம் போய்விடும்.

கேள்வி: ஜன்னலில் குளிர் தாங்கவில்லை. மாற்றிவிடலாமா?

பழைய கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள், எதிர்வீட்டு நிழல் லேசாக நெளியும். அதைக் கழற்றிப் போட்டால் திரும்பக் கிடைக்காது. உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்த அனுமதி கேளுங்கள். அதற்கு முன்னால் ஜன்னலின் இரு ஓரத்து மரப்பெட்டியையும் தட்டிப் பாருங்கள். மடிக்கும் மரக்கதவுகள் உள்ளேயே இருக்கலாம், பெயின்ட் பூசி ஒட்டிப்போய்.